ஐயாயிரத்துக்கு மேல் இழுக்காத கார்

செத்த காரைப் பார்க்கப் போகிறோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தால் நான் வெள்ளைச் சட்டை போட்டிருக்க மாட்டேன். மணலியில் இடிபட்ட வண்டிகளைப் போட்டுவைக்கிற அந்த யார்டுக்குள் கால் வைத்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த ஊர்த் தூசு அப்படி. மனிதன் மேல் படியும், மரத்தின் மேல் படியும், டீயின் மேல்கூடப் படியும்.

"எயிலக்கா, இத்த தோய்க்கறதுக்கு சோப்பு நீங்கதான் வாங்கித் தரணும்" என்றேன்.

"வாயை மூடு அம்புரோஸ். அந்த பேட்டரியைத் தூக்கிட்டு வா."

நான்தான் அம்புரோஸ். சொந்த ஊர் ராயபுரம். திருவொற்றியூரில் எங்கள் ஆபீஸ் போர்டில் 'உதவித் துப்பறிவாளர்' என்று போட்டிருக்கும். ஸ்கூட்டர் ஓட்டுவது, பேட்டரி தூக்குவது, திட்டு வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். போர்டில் பெரிய எழுத்தில் இருக்கும் எழில்மொழி, என் வாயில் எயிலக்கா, வியாசர்பாடிக்காரர். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரி பொய் எழுதச் சொன்னார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தவர். அதனால்தான் இன்றைக்கும் இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் அவர் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சு கிடையாது.

எங்கள் முன்னால் நின்றது ஒரு சிவப்பு ஜப்பான் கார். வலது முன்பாதி டிரைவர் சீட் வரைக்கும் மடங்கிக் கிடந்தது. அந்த சீட்டில்தான் ஜேக்கப் செத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன். லீவு நாட்களில் இதே காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிக் கோப்பை வாங்குகிறவன். போன மாதம் ஒரு காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் டிரெய்லரை முந்தப் போனான். எதிரே டேங்கர் லாரி வந்தது. டிரெய்லர் ஓட்டியவர் போலீசில் சொன்னது இதுதான்: "பக்கத்துல வர்ற வரைக்கும் நல்லா வந்தான் சார். அப்பால வண்டி எழும்பவே இல்ல."

காரின் என்ஜின் வேலை எல்லாம் டில்லிபாபுவுடையது. ஜேக்கப்பின் தோஸ்து. இரண்டு பேரும் ஒரே சந்தில் டவுசர் காலத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அவன் ஒழுங்காக வேலை பார்க்காமல்தான் மகன் செத்தான் என்று ஜேக்கப்பின் அம்மா சிலுவையம்மாள் புகார் கொடுத்திருந்தார். எங்களை அமர்த்தியதும் அந்தம்மாதான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழில்மொழியின் ரிப்போர்ட் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தார். 'ரிப்பேர் சரியில்லை' என்று அதில் இருந்தால் டில்லிபாபுவை இன்றைக்கே உள்ளே தள்ளுவார்கள். அவனோ இதுவரை தன் பக்கத்து நியாயம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவன் குற்றவாளி என்று சந்து முழுக்க முடிவு கட்டிவிட்டது. நானும்தான்.

எழில்மொழி பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து என்ஜின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குழாயில் வைத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"உசுரு கீது" என்றேன்.

"மின்சாரப் பக்கம் சரியா இருக்குன்னு அர்த்தம். இந்த என்ஜினுக்கு ரெண்டு மூச்சு அம்புரோஸ். மெதுவா போறப்ப வால்வுங்க கொஞ்சமா திறக்கும். ஐயாயிரம் சுத்துக்கு மேல போனா இந்தக் குழாய் திறந்து, என்ஜின் ஆயில் உள்ள பாய்ஞ்சு ஒரு சின்ன ஊசியைத் தள்ளும். அப்ப வால்வுங்க அகலமா, ரொம்ப நேரம் திறக்கும். வண்டி உதைச்சுக்கிட்டு கிளம்பும்."

"ஆயில் பாயலன்னா?"

"போகும். ஆனா பறக்காது. பறக்கும்னு நம்பி முந்தப் போனவன் நடு ரோட்டுல நிப்பான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழில்மொழி ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது.

"டில்லிபாபு கோடு தாண்டி ஊத்தற ஆளா?"

"அவன் டீக்கே சக்கரைய அளந்து போடுவான்."

"அப்ப வேற யாரோ மேல ஊத்தியிருக்காங்க" என்றபடி ஸ்பேனரை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதைப் பாரு. வண்டில மத்த போல்ட் எல்லாம் உப்புக் காத்துல செவந்து போயிருக்கு. இந்தக் குழாயைப் பிடிச்சிருக்கிற மூணு போல்ட் மட்டும் பளபளன்னு இருக்கு."

"யாரோ புதுசா கழட்டி மாட்டியிருக்கான்! அக்கா, கேஸ் முடிஞ்சிடுச்சி. ஆக்சிடென்டுக்கு அப்பால டில்லி வந்து ஆதாரத்த அழிச்சிட்டான். வாங்க, போற வழில பிரியாணி துன்னுட்டுப் போலாம்."

அவர் மூன்று போல்ட்டையும் கழற்றினார். குழாயின் வாயில் டீ வடிகட்டியைவிடச் சின்னதாக, அதைவிட நெருக்கமாக ஒரு சல்லடை இருந்தது. இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தது என்னவோ பழுப்பு நிறத்தில் ஒரு பசை மட்டும்தான். ஒரு ஓட்டைகூடத் திறந்திருக்கவில்லை.

"ஆதாரத்தை அழிக்க வந்தவன் இதை ஏன்டா இப்படியே விட்டுட்டுப் போனான்?" என்று கேட்டார் எழில்மொழி. "புதுச் சல்லடை ஒண்ணை மாட்டியிருந்தா அவன் மேல ஒரு பயலும் கை வைக்க முடியாதே."

தெரியாத இடத்தில் நான் மூக்கை நுழைப்பேன். குனிந்து முகர்ந்தேன். கெட்டுப்போன என்ஜின் ஆயில் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். இது அந்த நாற்றமில்லை.

"அக்கா, எனக்குப் பசி ஜாஸ்தியா இல்ல மூக்கு கெட்டுப்பூட்சா தெரியல. வடை சட்டி வாசன வருது."

எழில்மொழி சல்லடையைப் பிடுங்கி முகர்ந்தார். விரலால் பசையைத் தொட்டு இழுத்தார். அது நூலாக இழுபட்டது. "எங்க வீட்டு அலமாரியில எண்ணெய் டின் வைக்கிற இடத்துல இதே பிசுக்குதான்டா இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. இது சமையல் எண்ணெய். இல்லாட்டி விளக்கு எண்ணெய். சூட்டுல மாசக்கணக்கா வெந்து கோந்தாகியிருக்கு."

"ரேஸ் காருல யார்க்கா எண்ணெ ஊத்துவான்? எதிரிதான்! ஜெயவேல்! ஜேக்கப் இருந்த வரைக்கும் எல்லா ரேஸ்லயும் ரெண்டாவதா வந்தவன்" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் மணலித் தூசு மூக்கில் ஏறி, என்ஜினின் மேல் மூடிக்கு நேராக ஒரு தும்மல் போட்டேன். சாதாரணத் தும்மல் இல்லை. மூடி மேல் ஒரு மாதமாகப் படிந்திருந்த தூசு அப்படியே பறந்துபோனது.

ஒரு இடத்தில் மட்டும் தூசு பறக்கவில்லை. எண்ணெய் ஊற்றுகிற வாய்க்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு. அதன் குறுக்கே இன்னொரு கோடு. எண்ணெய் தொட்டு யாரோ இழுத்த கோடுகள், சூட்டில் காய்ந்து பிசுக்காகித் தூசைப் பிடித்துவைத்திருந்தன.

என் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் போட்டது.

"கெடுக்க வந்தவன் சிலுவை போட்டுட்டு கெடுப்பானா அம்புரோஸ்?" என்று எழில்மொழி மெதுவாகக் கேட்டார். எனக்குப் பிரியாணி ஞாபகம் போயே போய்விட்டது.

*

ஜெயவேல் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"நைனா, எண்ணெ எந்தக் கடைல வாங்கற?"

"டயர் கடைக்கு வந்து எண்ணெ கேக்கறியே, இன்னா மாமு, காலைலயே ஏத்திகினியா?"

எழில்மொழி என்னைப் பின்னால் தள்ளினார். "ஜேக்கப் வண்டி கடைசியா எப்படி ஓடுச்சு ஜெயவேல்?"

அவன் டியூபைக் கீழே வைத்தான். "சொம்மா சொல்லக் கூடாது மேடம், சரியா ஓடல. கடைசி பிராக்டீஸ்ல நான் அவன தாண்டிட்டேன். எத்தினி வருசமா ஆசப்பட்டது தெரியுமா? தாண்டினப்புறம் எனுக்கே பேஜாராப்பூட்சி. நிறுத்திட்டுப் போயி, 'இன்னாடா, எனுக்கு பிச்ச போடறியா'ன்னு கேட்டேன். 'இல்ல மச்சான், ஐயாயிரத்துக்கு மேல அந்த உதை வரவே மாட்டேங்குது, டில்லியாண்ட காட்டணும்'னான்."

"வண்டியை வேற யாராவது தொட்டாங்களா?"

"எவன் தொடுவான்? வூட்டு வாசல்லதான் நிக்கும். அவங்கம்மா கண்ணுல வெளக்கெண்ண வுட்டுகினு பாத்துக்கும். நான் ஒரு தபா பானட்ட தெறக்கப் போயி வெளக்கமாத்தால வாங்கிகினேன்."

எழில்மொழி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

"போன வாரம் ஃபர்ஸ்ட் வந்தேன் மேடம்" என்றான் ஜெயவேல். "கப்பு குடுத்தாங்க. வூட்டுக்கு எடுத்துகினு போவல. அவன் இல்லாத ரேஸ்ல ஃபர்ஸ்ட் வந்து இன்னா பண்றது?" சொல்லிவிட்டு மறுபடி டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினான். குமிழி வந்துகொண்டே இருந்தது, அவன் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். "அக்கா, எனுக்குத் தெரிஞ்சிடுச்சின்னு நெனக்கறேன்" என்றேன்.

"எனக்கும்தான். ஆனா நெனப்பை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது. டில்லிகிட்ட போ."

*

டில்லிபாபு எண்ணூரில் இருக்கும் பட்டறையைப் பூட்டிவிட்டு, பகலெல்லாம் முகத்துவாரக்குப்பத்தில் மாமனார் வீட்டில் இருந்தான். ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். படகுக்காரர் ஒருவர் என்ஜின் கிளம்பவில்லை என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "நான் இனிமே ஸ்பேனர் தொட மாட்டேன்ணா, வுட்டுடு" என்று அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். தாடி வளர்ந்து ஆளே அடையாளம் தெரியவில்லை.

எழில்மொழி மணலில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். "அந்த மூணு போல்ட்டையும் கழட்டினது நீதானே?"

"ஆமா மேடம்."

"எப்போ?"

"அடக்கம் பண்ண மறுநாளு. யார்டு வாட்ச்மேன் தெரிஞ்சவரு."

"எதுக்குக் கழட்டினே?"

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு பாக்க. ஜேக்கப் செத்த அன்னிக்கி காலைல அவன் எங்கியும் ஊர் சுத்தப் போவல மேடம். வண்டிய காட்டறதுக்கு என்னாண்டதான் வந்துகினு இருந்தான். நான் பட்டறைல டீ சொல்லிட்டு குந்திகினு இருந்தேன். நான் போட்ட வேலதான் அவனக் கொன்னுடுச்சின்னு நெனச்சிகினுதான் கழட்டினேன்."

"சல்லடையைப் பார்த்தே. மோந்து பார்த்தே. உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சது. அப்புறமும் அந்தப் பிசுக்கோடயே திருப்பி மாட்டிட்டு வந்தே. ஏன்?"

"நான் கலீஜ் ஆயில ஊத்திட்டேன்னு எல்லாரும் நெனக்கட்டும்னுதான். அப்படியே எழுதுங்க மேடம். கையெழுத்து வோணும்னாலும் போடறேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "டில்லி, என்ஜின் மூடி மேல ஒரு சிலுவ கீது" என்றேன். "எண்ணெயால போட்டது. தூசு படிஞ்சி இப்ப தெரியுது."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சட்டென்று எழில்மொழியின் காலைப் பிடித்தான்.

"வோணாம் மேடம். உங்க புள்ளைங்க நல்லாருக்கும். அத்த மட்டும் எழுதாதீங்க."

"சிலுவையம்மாதானே?"

டில்லிபாபு மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஜேக்கப்பின் அப்பாவுக்கு முன்பு ஒரு விசைப்படகு இருந்தது. சீசன் தொடங்குகிற முதல் நாள் சிலுவையம்மாள் மாதா கோயில் விளக்கிலிருந்து எண்ணெய் வாங்கிவந்து, படகு என்ஜின் மேல் சிலுவை போட்டு, உள்ளே ஒரு கரண்டி ஊற்றித்தான் புருஷனைக் கடலுக்கு அனுப்புவார். அந்தப் பழைய டீசல் என்ஜின் எதை ஊற்றினாலும் தின்றுவிட்டு ஓடியது. புயலில்கூட அந்தப் படகு திரும்பி வந்தது. கடைசியில் ஜேக்கப்பின் அப்பா வீட்டில் காய்ச்சலில்தான் செத்தார்.

"அந்தம்மாக்கு அந்த எண்ணெ மேல அவ்ளோ நம்பிக்கை. இவன் ரேசுக்குப் போறப்பல்லாம் அதுக்கு உசுரே இருக்காது. நான் ஜேக்கப்பாண்ட சொன்னேன், 'டேய், அம்மா இதுலயும் ஊத்தப் போவுதுடா, படகு என்ஜின் மாரி இல்ல இது, சல்லட சின்னது'ன்னு. சிரிச்சான். 'அது என் நெத்தியிலதான்டா பூசும்'னான். வண்டி மக்கர் பண்ணுதுன்னு அவன் சொல்லச் சொல்ல இன்னும் ஊத்தியிருக்கும் மேடம், அம்மாதானே?"



"ஜெயிலுக்குப் போறியா அப்ப?" என்றார் எழில்மொழி. கோபமாகத்தான் கேட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"போறேன். அந்தம்மா தெனிக்கும் என் வூட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துது. தூத்தட்டும். அதுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆளு கீது, அதனாலதான் சோறு துன்னுது. நம்ம கையாலதான் புள்ள பூட்சின்னு தெரிஞ்சா ஒரு நாளு தாங்குமா?"

எழில்மொழி எழுந்து புடவை மணலைத் தட்டினார். தட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

"பொய் எழுத எனக்குக் கை வராது டில்லி. நீ உள்ள போகக் கூடாது. என்ஜின் ஆயில்ல வேற எண்ணெய் கலந்து சல்லடை அடைச்சிருக்கு, மெக்கானிக் மேல தப்பு இல்ல, வேணும்னு யாரும் செய்யல. இவ்வளவுதான் எழுதுவேன். யார் கைன்னு எழுத மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

டில்லிபாபு கையெடுத்துக் கும்பிட்டான். அக்கா இவ்வளவு இறங்கிவந்து நான் பார்த்ததில்லை.

*

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அமர்த்தியவரிடம் முதலில் சொல்லிவிடுவோம் என்று ராயபுரம் சந்துக்குள் ஸ்கூட்டரைத் திருப்பினேன். சிலுவையம்மாள் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. ஒரு மாதத்தில் இன்னும் பாதியாகியிருந்தார்.

"புடிச்சிட்டாங்களா அவன?"

"டில்லி மேல தப்பு இல்லம்மா" என்றார் எழில்மொழி. "அவன் வேலை சுத்தமா இருந்தது. என்ஜின் ஆயில்ல வேற எண்ணெய் கலந்து கெட்டுப்போயிருந்தது. யாரும் வேணும்னு பண்ணல. அவ்வளவுதான்."

"அவ்ளோதானா?" அந்தம்மா எழுந்தார். "என் புள்ள செத்தது அவ்ளோதானா? அவன் இன்னா குடுத்தான் உனுக்கு? நீ எல்லாம் ஒரு பொம்பளையா?" என்று ஆரம்பித்து, சந்தே வெளியே வந்து பார்க்கிற அளவுக்குத் திட்டினார். எழில்மொழி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவரை ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை திருப்பிக் கொடுப்பவர்.

திட்டித் திட்டி அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் கிளம்பினோம். நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

"இருபா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஸ்டேசனுக்கு அந்த லாரிங்க நடுவுலதானே போணும்? நீயும் ஒரு அம்மா பெத்த புள்ளதானே. சும்மா போவாத."

உள்ளே போய் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். விரலில் எண்ணெய் தொட்டு ஸ்கூட்டரின் விளக்கு மேல் சிலுவை போட்டார். உதடு ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகித் திறந்து பாட்டிலைச் சாய்த்தார்.

என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்துதான் ஊற்றுவோம். அந்த நாலு சொட்டால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அது தெரியும். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை, பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

சிலுவையம்மாள் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கப் பார்த்தேன். "இந்த வண்டிக்கு ஏற்கெனவே கொழுப்பு ஜாஸ்திம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஜோக்கை நான் அடித்ததில்லை.

அவர் திரும்பி எழில்மொழியைப் பார்த்தார். "ஆயில்ல இன்னா எண்ணெ கலந்திருந்துச்சின்னு சொன்ன?"

எழில்மொழி அவர் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தார்.

"உன்னதான் கேக்கறேன். இன்னா எண்ணெ?"

அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து டில்லிபாபு குதித்து ஓடிவந்தான். மனசு கேட்காமல் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான். பாட்டிலையும் எங்கள் முகத்தையும் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, இவங்க சொல்றத நம்பாதம்மா. நான்தான் பண்ணேன். கெட்டுப்போன ஆயில ஊத்திட்டேன். நான்தாம்மா" என்று மூச்சிரைக்கச் சொன்னான்.

ஒரு மாதமாக அவன் வாயிலிருந்து வரவைக்க அந்தம்மா தலைகீழாக நின்ற வார்த்தை அது. இப்போது அதைக் கேட்டதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனுக்குத் தெரியும்" என்றார். "உனுக்கு மொதல்லயே தெரியும்."

"இல்லம்மா..."

"பொய் சொல்லாதடா. உன் மூஞ்ச எனுக்குத் தெரியாதா?" பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "மொதல்ல ஒரு கரண்டிதான் ஊத்தினேன். 'வண்டி இழுக்கலம்மா'ன்னு வந்து சொன்னான். எவன் கண்ணு பட்டுச்சோன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அப்பவும் இழுக்கலன்னான். அன்னிக்கி அவன் குளிச்சிகினு இருந்தான், நான் ஒரு பாட்டில முழுசா ஊத்திட்டேன். புள்ள பத்திரமா போய்வரணும்னு மாதாவ வேண்டிகினு, ஒரு சொட்டு கீழ சிந்தாம ஊத்தினேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் ஏதாவது சொல்லியிருப்போம். நான் அழுதேன்.

சிலுவையம்மாள் எழில்மொழியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "எழுது. அந்த ரிப்போர்ட்டுல என் பேர எழுது. சிலுவையம்மாள்தான் கொன்னான்னு எழுதி ஸ்டேசன்ல குடு. நானும் வர்றேன்."

எழில்மொழி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எழுதினாலும் எந்தக் கோர்ட்டும் இதைக் கேஸா எடுக்காதும்மா."

"ஏன்?"

"பெத்தவ பிள்ளைக்காக சாமிகிட்ட வேண்டி ஊத்தினது. இதுக்கு யாரும் தண்டனை குடுக்க மாட்டாங்க."

"இவனுக்கு குடுக்க இருந்தாங்களே? இவனுக்கு ஸ்டேசன் இருந்துச்சி, ஜெயிலு இருந்துச்சி. இத்தினி வருசம் போயி குந்திட்டு வான்னு சொல்ல ஒரு ஆளு இருந்தான். எனுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப நான் எங்கடி போயி நிக்கறது?"

டில்லிபாபு அந்தம்மாவுக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டு, "அம்மா, வா, எங்க வூட்டுக்குப் போலாம்" என்று அவர் தோளைத் தொட்டான். அவர் அவன் கையை விலக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.